அலைக்குறி போட்ட டப்பா

உறவுக்காரர்களுக்கு அவர் டப்பா மாமா. பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை என்பதால், கல்யாணமோ புதுவீடோ, கையில் ஒரு டப்பா செட்டோடுதான் வாசலில் வந்து நிற்பார். "மாமா வர்றாரு, அலமாரியில இடம் பண்ணுங்க" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சு பேசத் தெரியாத மனிதர். அந்த நல்ல குணமே வினையாகப் போயிற்று.

மெஷினில் அச்சை மாட்டிக் கழற்றுவது அவர் வேலை. டப்பாவின் அடியில் தெரிகிற குறி, அச்சுக்குள் திருகி வைக்கும் ஒரு இரும்பு வில்லையால் விழுவது. மைக்ரோவேவில் வைக்கலாம் என்பதற்கு மூன்று அலைக்கோடு போட்ட வில்லை. பருப்பு, பிஸ்கட் கொட்டி வைக்கிற மட்ட ரகத்துக்கு வெறும் வில்லை. மட்ட ரகத்தில் பழைய பிளாஸ்டிக்கையும் அரைத்துக் கலப்பார்கள். சூடு பட்டால் அதிலிருந்து சாப்பாட்டில் என்ன இறங்கும் என்று கம்பெனியில் யாரும் சோதித்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு வெறும் வில்லை உடைந்துபோனது. ஆர்டரோ கழுத்தை நெரித்தது.

"அலை போட்டதையே மாட்டுங்கண்ணே. மூணு கோடுதானே, யாரு திருப்பிப் பார்க்கப் போறாங்க?" என்றார் சூப்பர்வைசர்.

மாமா அதையே மட்ட ரக அச்சில் மாட்டினார். அவசரத்தில் திருப்புளி சறுக்கி, நடு அலைக்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. அன்று முதல் அந்த அச்சில் வந்த ஒவ்வொரு டப்பாவிலும் அந்த இடத்தில் மயிரிழை போல ஒரு மேடு. மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் அதுவும் அடங்கிவிட்டது. புது வில்லை இன்றுவரை வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். பேரனுக்கு அப்போதுதான் சோறு பழக்குகிறார்கள்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. நீங்க குடுத்த டப்பா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். கண்ட பிளாஸ்டிக்ல சூடு பண்ணக் கூடாதாம்."

"நல்லதும்மா."

"இப்ப கடையில அலைக்குறி பார்த்துப் பார்த்து வாங்கினேன். இவனுக்கு தினமும் இதுலதான் சூடு பண்றேன்" என்று, மசித்த கேரட்டோடு டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாய் ஊட்டினார். டப்பாவின் அடியைத் தாங்கியிருந்த விரலில் ஏதோ நெருடியது. தூக்கிப் பார்த்தார். நடு அலைக்குக் குறுக்கே அந்த மேடு. ஸ்பூன் பாதி வழியில் நின்றுவிட்டது.

"கண்ணாடிக் கிண்ணத்துல சூடு பண்ணிக்கோம்மா. இது வேணாம்."

"ஏம்ப்பா? குறிதான் இருக்கே!"

கண்ணாடிதான் எப்பவும் நல்லது என்று மழுப்பியிருக்கலாம். மகளும் நம்பியிருப்பாள், அவர் மரியாதையும் பிழைத்திருக்கும். ஆனால் பேரன் அடுத்த வாய்க்கு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குறி பொய்ம்மா. அதை மாட்டினதே நான்தான்."

வில்லை உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இவனுக்கு ஏதாவது ஆகுமாப்பா?"

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல. நாளைக்கே முதலாளிகிட்ட போய், சரக்கைத் திருப்பி எடுக்கச் சொல்றேன். வேலை போனாலும் போகட்டும்."

"ரெண்டு மாசமா ஏம்ப்பா சொல்லல?"

"இது யார் வீட்டுக்குப் போகுதுன்னு அப்போ தெரியாதேம்மா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. மகள் குனிந்து, அவர் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.