மிரேய் நடைபாதையில் இறக்கி வைத்த மெஷின்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், மிரேய் தெமேரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் ரோஸ்மோன் வட்டாரத்தில் வாடகை ஒப்பந்தம் எல்லாருக்கும் ஜூன் கடைசியில்தான் முடியும். ஜூலை ஒன்றாம் தேதி மான்ட்ரியால் நகரத்தில் பாதிப் பேர், மீதிப் பேர் காலி செய்த வீட்டுக்குள் போவார்கள். இந்தக் கூத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. கீழ்த்தளத்தில் வேரோடிப் போய்க் கிடக்கிற எனக்கு, வீடு மாறுவது என்றாலே ஆகாது. மூன்றாவது மாடியில் இருந்த மிரேய்க்கு அதுதான் திருவிழா.

ரயில் பாதை ஓரமாக, ஆட்கள் சாமான்களைப் போட்டுப் பூட்டிவைத்துக்கொள்கிற வாடகைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அவள் வேலை பார்த்ததெல்லாம் அங்கேதான். கதவைத் திறக்கிறபோது ஜனங்கள் முகம் எப்படிப் போகும் என்று தினம் பார்த்தவள். மெத்தையைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பழைய பருத்தி விரிப்பால் மூடு என்பாள். பெட்டியை வெறும் தரையில் வைக்காதே, கீழே பலகை போடு. ஃபிரிட்ஜை வைக்கும்போது கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வை, இல்லாவிட்டால் திறக்கிற அன்றைக்கு நாற்றம் ஆளைத் தூக்கும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. பெட்டிக்கு மேலே எழுதாதே, பக்கவாட்டில் எழுது. அடுக்கின பிறகு மேல்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? கட்டிலைக் கழற்றினால் அதன் திருகாணிகளைப் பையில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே கட்டு. ஒன்றோடு ஒன்று சேர வேண்டியதைப் பிரிக்காதே.

கேட்டவர்களுக்குத்தான் சொல்வாள் என்று நினைக்காதீர்கள். கேட்காதவர்களைத் துரத்திப் பிடித்துச் சொல்வாள். ஒரு தடவை என் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆர்லெத், நீ செத்துப்போனா இதையெல்லாம் நான்தாண்டி பெட்டியில கட்டணும். இப்பவே கொஞ்சம் குறை," என்றாள். அன்றைக்கு அவளுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஜூலை ஒன்று அன்று நடைபாதையில் எதையும் தனியாக விடக் கூடாது. அன்றைக்கு எங்கள் ஊரில் நடைபாதையில் கிடப்பதெல்லாம் ஊர்ச் சொத்து. வேண்டாத சோபா, விளக்கு, மேஜை, மின்விசிறி எல்லாவற்றையும் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். வேண்டியவன் தூக்கிக்கொண்டு போவான். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. என் கூடத்தில் நிற்கிற விளக்குகூட அப்படி வந்ததுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் ரொசேர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் நிறையக் கிண்டல். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடுதான் நடமாட்டம். குழாயின் மறுமுனை ஒரு சாம்பல் நிற மெஷினில் இருக்கும். மின்சாரத்தில் ஓடி, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். வெளியே போனால் தோளில் மாட்டிக்கொள்ளச் சின்ன சிலிண்டர். எங்கள் வீட்டு மாடிப்படி வெளியில்தான் இருக்கிறது. இரும்பில் செய்து, சுழன்று சுழன்று இறங்குகிற படி. போன குளிர்காலத்தில் அவர் இறங்கியது டாக்டரைப் பார்க்க மட்டும்தான். அதனால் மிரேய் அடுத்த தெருவில் கீழ்த்தள வீடு ஒன்றைப் பிடித்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், இந்த வருஷம் தானே மாறினாள்.

அந்த ஜூலை ஒன்று காலையிலேயே வெயில் ஆளை உருக்கியது. தெரு முழுக்க லாரி. நான் என் வீட்டு முன்பலகணியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேல்வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் சாமானோடு வந்து வாசலில் காத்திருந்தார்கள். மிரேய் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். ஆனால் மிரேயும் ரொசேரும் போக வேண்டிய வீட்டில் இருந்தவன் இன்னும் கிளம்பவில்லை. அவன் போகிற வீடு காலியாகவில்லையாம். இப்படிச் சங்கிலி எங்கேயாவது ஒரு இடத்தில் சிக்கிக்கொள்வது வருஷா வருஷம் நடப்பதுதான்.

"அவன் கிளம்பற வரைக்கும் ரொசேர் என் வீட்ல உக்காரட்டும்," என்றேன்.

"கீழ இறங்கினதும் நேரா உன் வீட்டுக்கே வந்துருவோம். தெருவுல நிக்க வெச்சு வேடிக்கை காட்டப் போறதில்ல," என்றாள்.

லாரிக்காரன் சில்வேன் மெஷினை முதலில் கீழே இறக்கிக் கொடுத்தான். அதை லாரியில் ஏற்ற அவள் விடவில்லை. சக்கரம் இருக்கிறது, நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்றாள். மெஷினின் கைப்பிடியில் நீலப் பை ஒன்று கட்டியிருந்தது. அதற்குள் நிறைந்த சிலிண்டர் ஒன்று, மாற்றுக் குழாய், சிலிண்டரைத் திருகித் திறக்கிற சாவி. சேர வேண்டியதைப் பிரிக்கக் கூடாது அல்லவா. ரொசேர் தோளில் இருந்தது பாதி தீர்ந்த சிலிண்டர். படி இறங்கி என் வீட்டில் உட்காருவதற்கு அது தாராளம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ரொசேர் கம்பியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். பின்னால் சில்வேன்.

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிடறோம், மிஸ்யூ தெமேர்," என்றான் சில்வேன்.

"நான் என்ன பியானோவா? தள்ளி வா தம்பி, முதுகுல மூச்சு விடாத. மூச்சே எனக்குத்தான் பத்தலை."

படி திரும்புகிற இடத்தில் அவர் முழங்கால் மடங்கியது. கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாகிவிட்டது. மிரேய் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினாள். இரண்டாவது மாடிப் பையன்கள் தூக்கிப் போட்டிருந்த சோபாவும் பழைய ஏசியும் கிடந்த குவியலுக்குப் பக்கத்தில்தான் அது நின்றது. நானும் எழுந்து ஓடினேன். எதிர்வீட்டுப் பலகணியிலிருந்தவர்களும் படியைத்தான் பார்த்தார்கள்.

அவரை இறக்க நேரமாயிற்று. ஒரு படி, கொஞ்சம் நிற்பது, மறுபடி ஒரு படி. என் வாசலில் உட்கார வைத்து, சிலிண்டரில் காற்று வேகத்தைக் கூட்டிவிட்டு, மிரேய் மெஷினை எடுக்கத் திரும்பினாள்.

சோபா இருந்தது. ஏசியும் இல்லை, மெஷினும் இல்லை.

மிரேய் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். சோபாவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பிறகு ரொசேரிடம் வந்து, சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று காட்டுகிற முள்ளைப் பார்த்தாள்.

"எங்க போச்சு?" என்றார் அவர்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பையுமா?"

"பையும் அதுலதானே கட்டியிருக்கேன்."

அவர் தோளில் இருந்த சிலிண்டரை மடிக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். கிண்டல் செய்கிற மனுஷன் அப்படிப் பிடித்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

சில்வேன் கோபத்தில், எங்கள் ஊர் வசவு வழக்கப்படி, மாதா கோயில் பாத்திரம் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லித் திட்டிக்கொண்டே தெருமுனைக்கு ஓடினான். அன்று அரசு விடுமுறை என்பதால் மிரேய் ஆக்ஸிஜன் கம்பெனியின் விடுமுறை எண்ணைக் கூப்பிட்டாள். ஆள் அனுப்புகிறோம், ஆனால் ஊருக்குள் வருகிற பாலம் முழுக்க லாரியாக நிற்கிறது என்றார்கள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கிளம்பிவிட்டோம் என்றார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே நின்று அலமாரி இறக்கிக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளை அடக்கின குரல் என்னுடையது. எதிர்ப் பலகணியைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினேன். "சாம்பல் நிற மெஷின், சக்கரம் வெச்சது, நீலப் பை கட்டியிருக்கு. யாரு எடுத்தாலும் திருப்பிக் கொண்டாங்க. ஒரு மனுஷன் மூச்சு அது." எதிர்வீட்டுக்காரி பக்கத்துப் பலகணிக்குச் சொன்னாள். அவர்கள் அடுத்த வீட்டுக்கு. அன்றைக்கு எங்கள் தெருவில் உள்ளே இருந்தவர்கள் யாருமில்லை. எல்லாரும் பலகணியில் நின்று மற்றவர்கள் சாமானை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் தெருமுனை தாண்டிப் போவது காதில் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வியர்த்து விறுவிறுத்து ஒரு சாம்பல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். மிரேய் எழுந்துவிட்டாள். பக்கத்தில் வந்ததும் பார்த்தால், அது நிலவறையில் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின்.

"இதில்லீங்களா?" என்றான் பாவம்.

"இல்லைங்க. ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு மிரேய் மறுபடி உட்கார்ந்தாள்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ரொசேர் உதடு நீலம் பாய்ந்தது. முன்னால் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தார். அவள் சிலிண்டரின் வேகத்தைக் குறைக்கப் போனாள், குறைக்காமல் கையை எடுத்தாள். குறைத்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக வரும். ஆனால் இப்போதே போதவில்லை. எதைச் செய்வது என்று அவள் என்னைப் பார்த்தாள். ஊருக்கே வழி சொன்னவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கேட்டது, ஆனால் நெருங்கவில்லை.

அப்போது தெருமுனைப் பலகணியிலிருந்து யாரோ கூவினார்கள். "கிடைச்சிருச்சு, வருது." சில்வேன் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு பெண், நீலப் பையைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"பை, பையை முதல்ல," என்றாள் மிரேய். அவளால் சாவியைத் திருக முடியவில்லை, விரல் வழுக்கியது. சில்வேன் வாங்கித் திருகி, புது சிலிண்டரைப் பொருத்தினான். உஸ் என்று ஒரு சத்தம். ரொசேர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். உதட்டில் நிறம் திரும்புகிற வரைக்கும் நான் என் மூச்சையும் விட்டேனா என்று ஞாபகமில்லை.

பிறகு மெஷினை என் சமையலறையில் சொருகினோம். நான் எக்ஸ்டென்ஷன் ஒயர் எடுத்து வந்தேன்.

"இது கிறிஸ்துமஸ் லைட்டுக்குப் போடறதுடி. தடி ஒயர் கொண்டா," என்றாள். அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

அந்தப் பெண் பெயர் மாயேல். மொட்டை மாடிக்குக் கீழே ஒரு அறை எடுத்திருக்கிறாள், உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறதாம். பழைய ஏசியையும் அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய், இரண்டும் குளிர வைக்கிற மெஷின் என்றே சொருகிப் பார்த்திருக்கிறாள். பலகணிகள் போட்ட கூச்சல் அவள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது, குளிர்ச்சி ஏன் வரவில்லை என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

"மதாம், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நான் உங்க வீட்டுக்காரரை..." என்று அழுதாள்.

சில்வேன் அவளைத் திட்ட வாயைத் திறந்தான். மிரேய் அவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எடுத்தது தப்பில்லம்மா. இன்னிக்கு நடைபாதையில இருந்தா யாரா இருந்தாலும் எடுப்பாங்க. அங்க இறக்கி வெச்சது நான்." பெண்ணுக்கு அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. மிரேய் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். "அறைக்குள்ள ஜன்னல்ல ஈரத் துணியக் கட்டு. அந்த ஏசி ஓடாது, பையன்க ஓடாததாலதான் தூக்கிப் போட்டாங்க."

ஆம்புலன்ஸ் ஆட்கள் கடைசி வரை லாரியைச் சுற்றிக் கால்நடையாகவே வந்தார்கள். விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பரவாயில்லை, வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். ரொசேர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "இன்னிக்கு ஒரு இடம் மாறினா போதும்," என்றார்.

அவர்கள் போனதும் சில்வேன் வந்து நின்றான். புது வீட்டில் இருந்தவன் கிளம்பிவிட்டானாம். கட்டில் எந்த அறையில், அலமாரி எந்தச் சுவரில், யார் வந்து சொல்வது என்று கேட்டான். மிரேய் எழுந்திருக்கவில்லை. ரொசேர் காலடியில் என் வாசல் பலகையில் உட்கார்ந்து, அவர் குழாயைப் பிடித்தபடி இருந்தாள்.

"எங்க வேணா இறக்கு, சில்வேன்."

"எங்க வேணாவா?" அவன் நம்பவில்லை.

"சொன்னேன்ல. போ."

ரொசேர் அவள் தலையில் கை வைத்தார். "போய்ச் சொல்லிட்டு வாயேன். நான் இங்கதானே இருக்கேன். அவன் கட்டிலைச் சமையலறையில போட்ருவான்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"மேல்வீட்டுச் சாவியையும் கொடுத்துட்டேன். நீ போயிருந்தா நான் எந்த வீட்டுக்குடா போவேன்?"

அவர் கையை எடுக்கவில்லை. லாரி புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.