இன்ஹேலரைக் குலுக்காதவன்

சைகோனில், கான் ஹொய் பக்கம், மீன் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருந்த குடும்ப டாக்டர் அம்மா அவர். கண்ணாடிக் காம்பில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஆஸ்துமாக்காரர் யார் வந்தாலும், தன் கண்ணெதிரே இன்ஹேலரை இழுத்துக் காட்டாமல் வெளியே விடமாட்டார். ஆனால் அதை எந்த நோட்டிலும் எழுதமாட்டார்.

நானோ, டாக்டர்கள் ஆஸ்துமா விதிமுறைப்படி நடக்கிறார்களா என்று சோதிக்க வந்த பெரிய மனிதன். பதிவேடு இல்லை என்று தாராளமாக மார்க்கைக் குறைத்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை. என் இன்ஹேலரை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டேன்.

"இன்னொரு தடவை செய்யுங்க," என்றார் ஆங்கிலத்தில்.

செய்தேன்.

"குலுக்கவும் இல்லை, மூச்சை அடக்கவும் இல்லை. மருந்தெல்லாம் நாக்குக்குத்தான் போகுது. எத்தனை வருஷமா இப்படி?"

"பன்னிரண்டு."

"உங்க டாக்டர் ஒரு தடவைகூடப் பார்க்கலையா?"

பார்த்ததில்லை. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஒவ்வொரு தடவையும் அழகாக எழுதிவைத்திருப்பார். அந்த எழுத்தைப் பார்த்து, சென்னையில் அவருக்கு முழு மார்க் போட்டவனே நான்தான்.