மூச்சை மட்டும் பார்த்தவள்

கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு வகுப்பு வேண்டுமா என்று முதலில் நானும் சிரித்தேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு செட்டிபாளையத்தில் நிவாரணத்துக்கு வந்தவர்கள் எங்களுக்கு எத்தனையோ வகுப்புகள் எடுத்தார்கள். கை கழுவ ஒன்று, கோழி வளர்க்க ஒன்று, கடைசியில் தியானத்துக்கும் ஒன்று. நான் போனதற்குக் காரணம் என் கை. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கி எழுத்துகள் கோணலாக விழுந்தன. என் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் கோணலாகவே எழுதினார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நல்ல மனுசி. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பாருங்கள், மனம் ஓடினால் கோபிக்காமல் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்றார். அதுவரை சரி. பிறகு, எண்ணங்களை அலை மாதிரி வந்து போக விடுங்கள் என்றார். பாடசாலை மண்டபத்தில் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டோம். பாவம், ஏன் என்று அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது.

அடுத்த கிழமை இன்னொரு சங்கடம். கண்ணை மூடி இருந்த ஒருத்திக்கு உரு வந்து, தெய்வம் ஏறியவளாய் ஆடத் தொடங்கிவிட்டாள். எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் சடங்கு நாளில் தெய்வம் ஆடுகிறவர்கள் குறி சொல்லுவார்கள், அதைக் கட்டு என்போம். தொலைந்ததையும் நடக்கப்போவதையும் அவர்களிடம்தான் கேட்போம். அதனால் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழும்பி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கடல் கொண்டுபோன பிள்ளை எங்கே கிடக்கிறது என்று ஒரு தாய் அவள் காலைப் பிடித்துக் கேட்டாள். பயிற்றுநர் சுவரோரமாய் ஒதுங்கி நின்றார். வகுப்பு அதோடு நின்றுபோனது.

நான் விடவில்லை. எனக்குப் பிடிவாதம் அதிகம். விடிய எழும்பி வீட்டு மூலையில் பாய் போட்டு இருப்பேன். கால் விறைக்கும், நுளம்பு கடிக்கும், மனம் சந்தைக்குப் போய்விடும். கோபிக்காமல் கூட்டி வரச் சொன்னார். நான் திட்டித் திட்டித்தான் கூட்டி வந்தேன். மாதங்கள் போகக் கை நடுக்கம் குறைந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒளி தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை.

என் அக்கா அடுத்த வளவில் இருந்தாள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பதும்தான் வழக்கம். ஒரே மகளுக்கென்று அக்கா கட்டிய வீட்டைக் கடல் அத்திவாரத்தோடு கொண்டுபோய்விட்டது. பிறகு, வீடு கட்டும் வேலைக்கு வடக்கே வன்னியிலிருந்து வந்த மேசன் ஒருவனை மகள் விரும்பிக் கலியாணம் செய்தாள். இங்கே இருக்க வீடில்லையென்று அவன் அவளைத் தன் ஊருக்கே கூட்டிப்போனான்.

"வீடு இருந்திருந்தா என்ர புள்ள ஏன் கா அங்க போறாள்?" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை.

வன்னியில் சண்டை இறுகியபோது மகளின் ஃபோன் நின்றது. ரேடியோவில் கேட்ட ஊர்ப் பெயர்கள் நாளுக்கு நாள் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டு போயின. டவுனுக்குப் போய், புளியந்தீவில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். யாரிடமும் பதில் இல்லை. அப்போதுதான் அக்கா விடியற்காலையில் என்னிடம் வரத் தொடங்கினாள். நான் கண்ணைத் திறக்கும்போது எதிரே தேத்தண்ணிக் கோப்பையோடு இருப்பாள்.

"இண்டைக்கு ஏதும் கண்டாயா?"

"என்னத்தக் காண? நான் மூச்சைத்தான் பாக்கிறன்."

"இத்தன வருசமா மூச்சையா பாக்கிறாய்? எனக்கு ஒளிக்காத கா, தங்கச்சி."

ஒருநாள் எரிச்சலில் கத்தியே விட்டேன். "அக்கா, நான் தெய்வம் ஆடுறவள் இல்ல. எனக்கு ஒண்டும் தெரியா."

அவள் கோபிக்கவில்லை. "தெரிஞ்சாச் சொல்லுவாய்தானே" என்று தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். இந்தத் தொல்லைக்குத் தியானத்தையே விட்டுவிடலாமென்று பார்த்தேன். விட்ட அன்று அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள். "ஏன் இண்டைக்கு இரிக்கல்ல? கூடாததக் கண்டிற்றியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் பாயை விரித்தேன். வேறு என்ன செய்ய?

சண்டை முடிந்தது என்று அறிவித்த காலையில் டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். நான் பாயில் இருந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அன்று மனம் எங்கும் ஓடவில்லை. இத்தனை காலம் திட்டிக் கூட்டி வந்த மனம் முதல்முறையாகச் சொன்ன இடத்தில் நின்றது. அங்கே ஒன்றுமே இல்லை. மகளைப் பற்றி ஒரு செய்தி இல்லை, அக்காவுக்குக் கொடுக்க ஒரு சொல் இல்லை. என்னால் எதுவும் செய்ய ஏலாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது அக்கா எதிரே இருந்தாள். அன்று எதுவும் கேட்கவில்லை. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று விளங்கியதும் எனக்குப் பதறிவிட்டது.

"அக்கா, நான் ஒண்டும் காணல்ல. அம்மாளாணை, ஒண்டும் காணல்ல. அவள் உசிரோட இரிப்பாள்."

அவள் என் வாயைப் பொத்தினாள். "போதும். நீ வாயால சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியும் ஏறவில்லை. கத்தினேன், கெஞ்சினேன், அக்காவின் கணவரை விட்டும் சொல்லிப் பார்த்தேன். என் கண்ணீர்தான் அவளுக்குக் கட்டு. அந்தக் காலையிலிருந்து எட்டு நாள் எண்ணி, செத்தவர்களுக்குச் செய்கிற எட்டுச் செலவை மகளுக்குச் செய்தாள். இறால் பொரித்து, கணவாய்க் கறி வைத்து, மகளுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைத்தாள். அழவில்லை. ஆக்கி முடிக்கும்வரை ஒருவரையும் அடுப்பண்டை விடவில்லை.

மகள் இறந்துவிட்டாள் என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை.

படைத்து முடிந்ததும் அக்கா முதல் சோற்றை எனக்குப் போட்டு, நான் கை வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டேன்.