தம்பியின் ஜீப்பும், 'அக்கா' என்று எழுதிய பெட்டியும்

என் உடன்பிறந்த தம்பி எங்களை விட்டுப் பிரிந்து இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு நிறைகிறது. மழையைப் பார்க்காமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், தம்பியின் கூட்டாளிகளுக்கும் மூத்தவளாகிய என் வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் இதை நானே எழுதினேன். தம்பி மகள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். விஷயத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை. "அத்தை, மலர்ல அப்பாவ அவன் இவன்னு எழுதக்கூடாது. அவர்னு எழுதுங்க" என்றாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. சபைக்காக எழுதுகிறேன். எங்கேயாவது தவறினால் பொறுத்துக்கொள்ளவும்.

நாம் கூடியிருக்கிற இந்த விருந்து மண்டபத்து வாசலில் ஒரு பழைய ஜீப் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தம்பி போனதும் அதை நான் இரும்புக்கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று நீங்கள் பலபேர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அப்படிப் பேசியதில் தப்பில்லை. நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் தம்பி கடைசியாக என்னிடம் கேட்டது அந்த வண்டியைப் பற்றித்தான். அது தன் மகளுக்குப் போய்ச்சேர வேண்டும், அதில் உள்ள பெட்டிகளை யாரும் உடைக்கக் கூடாது. இந்த இரண்டையும் நான் செய்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்ற ஊரில் நாங்கள் பிறந்தோம். எங்கள் அய்யா சீக்கிரம் கண்ணை மூடிவிட்டார். என்னைப் பாம்பனில் கட்டிக்கொடுத்தார்கள். மறுவருசமே தம்பியையும் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். தலையில் ஒரு கூடை நெத்திலிக் கருவாட்டோடு தெருத்தெருவாகப் போன நான் இன்று மூன்று கடைக்குச் சொந்தக்காரி. பரமக்குடி, மதுரை, திண்டுக்கல் எல்லாம் என் கருவாடு போகிறது. பையில் என் படம் போட்டிருக்கும். என் கருவாடு போகாத சந்தை ஒன்று இருந்தால் அங்கே ஜனம் இல்லை என்று அர்த்தம்.

தம்பியை மண்டபம் ஊர்க் கரையில் படகு கட்டும் ஓடாவி ஒருவரிடம் வேலைக்கு விட்டேன். ஏழு வருசம் அங்கே பலகை இழைத்தார். படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திரித்து வைத்து உளியால் அடித்து இறுக்குவார்கள். தண்ணீர் பட்டதும் மரம் ஊறிப் பெருத்துப் பொருத்தை அடைத்துக்கொள்ளும். தம்பிக்குத் தெரிந்த தச்சுவேலை அது ஒன்றுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லைசென்ஸ் எடுத்து, பரமக்குடியில் ஒருவரிடம் இந்த ஜீப்பை வாங்கி ஓட்டிவந்தார். ஓட்டிவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி வழி லாரியில் கட்டி இழுத்துவந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. அப்போது தனுஷ்கோடிக்கு ரோடு கிடையாது. மணலிலும் கடல்தண்ணீரிலும்தான் போக வேண்டும். யாத்திரைக்காரர்களை ஏற்றிப்போவார், வரும்போது என் கருவாட்டு மூடைகளை ஏற்றிவருவார்.

கடற்கரையில் வண்டிக்கு எமன் உப்பு. ஒருநாள் சும்மா விட்டாலும் சேசிஸ் துருவேறிவிடும். தினமும் வண்டியின் அடிப்பாகத்தை நல்லதண்ணீர் விட்டுக் கழுவுவார். நாங்கள் குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்போம்.

"ஏலே, மனுசருக்கே குடிக்கத் தண்ணியில்ல. ஒன் வண்டிக்குக் குளியல் கேக்குதா?"

"நீ உப்புப் போட்டுப் பொழைக்கிற. நான் உப்பக் கழுவிப் பொழைக்கிறேன். விடுக்கா."

ஒரு தடவை துருவுக்கு மருந்தென்று, படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வண்டியின் அடியில் பூசிவிட்டார். பாம்பனில் இருந்த பூனை அத்தனையும் ஜீப்புக்குக் கீழே குடிவந்துவிட்டன. வடக்கே இருந்து வந்த யாத்திரைக்காரர்கள் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மூன்று வாரம் சவாரி கிடையாது. பிறகு கழிவு ஆயிலுக்கு மாறினார்.

பெட்டிகள் எல்லாம் தம்பியே செய்தவை. உடைந்த நாட்டுப்படகுப் பலகையை விலைக்கு வாங்கி, பின் இருக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு மூன்றாக, இழுத்துத் திறக்கிற மாதிரி ஆறு பெட்டி. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதினார். தண்ணி, சோறு, மருந்து, சாமான், துணி, கயிறு. தரையில் கிடந்த இரண்டு பலகையைக் கழற்றினால் மணலில் டயருக்கு அடியில் போடலாம். வண்டிக்குள் ஒரு வீடே இருந்தது.

அந்தப் பெட்டிகளையும் தம்பி படகு மாதிரியே பஞ்சு அடித்து இறுக்கினார். ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, அது உண்மை. ஆனால் ஐப்பசி மழை விழுந்ததும் மரம் ஊறிப் பெருத்துவிடும். தை பிறக்கிறவரை பாதிப் பெட்டி திறக்காது. உலகத்தில் மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் அலமாரியைச் செய்தவர் என் தம்பி ஒருவர்தான். யாராவது பிடித்து இழுத்தால், "இழுக்காதீக, பொருத்து விட்டுரும். காயட்டும்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலத்தை ஓட்டினார்.

ஒரு கார்த்திகைத் தூறலில் நானும் அவரும் தனுஷ்கோடியில் மூடை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஒரு வேன் மணலில் புதைந்து நிற்கிறது. உள்ளே வயதான யாத்திரைக்காரர்கள். அலை டயரைத் தொட்டுவிட்டது. தம்பி குதித்து ஓடி கயிறு பெட்டியை இழுத்தார். வரவில்லை. வேன் டிரைவர், "அண்ணே, கல்ல வச்சு ஒடச்சிருவமா?" என்று அலறினான். தம்பி அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரைப் பலகை இரண்டையும் பிடுங்கினார். என் மூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மணலில் எறிந்தார்.

"என்னலே பண்ற! கருவாடு நனையுது!"

"ஒன் கருவாடு நாளைக்கும் கருவாடுதான்க்கா. நீயும் எறங்கு, எடம் வேணும்."

மூன்று கடைக்காரி நான், நனைந்த மூடை மேல் தூறலில் உட்கார்ந்திருந்தேன். தம்பி பெரியவர்களையெல்லாம் ஜீப்பில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்துவிட்டு வந்து, பலகையைப் போட்டு வேனையும் வெளியே எடுத்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அவசரத்துக்குத் திறக்காத பெட்டி எதுக்குலே ஒனக்கு?" என்று வீடு வருகிறவரை கத்தினேன்.

மறுவாரம் பார்த்தால் கயிறு வண்டிக்கு வெளியே கொக்கியில் தொங்குகிறது. பெட்டியில் 'கயிறு' என்ற எழுத்தை அழித்துவிட்டு 'அக்கா' என்று எழுதியிருக்கிறார்.

"என் பேர எதுக்குலே எழுதுன?"

"ஆறு பெட்டியில இதுதான்க்கா கடைசியாத் தெறக்கும்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவசரத்துக்குத் தேவைப்படாத, ஆனால் தொலைந்தால் திரும்ப வராத பொருளையெல்லாம் தம்பி அந்தப் பெட்டியில்தான் வைத்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகமே அதில்தான் இருந்தது. தண்ணி, சோறு எல்லாம் வேறு பெட்டி. ஆர்.சி. புத்தகம் என் பெட்டி.

பிறகு அரிச்சல்முனை வரைக்கும் தார்ரோடு வந்துவிட்டது. காரும் பஸ்ஸும் வழுக்கிக்கொண்டு போயின. ஜீப்புக்கு வேலை இல்லை. தம்பி மட்டும் தினமும் கழுவினார், டீசல் பம்ப்பைப் பிரித்துப் போட்டார், கிளட்ச் மாற்றினார். ஒரு காதுகுத்து விருந்தில், இலையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் சொல்லிவிட்டேன். "நாலு டயர் வச்ச அலமாரிய இரும்புக்குப் போட்டுட்டு என் கடையில வந்து கல்லாவுல ஒக்காரு."

தம்பி சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, எழுந்து போனார். அந்த மழைக்காலம் முழுவதும் என் வீட்டுப்பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் இறங்கிப் போகிறவளா?

மாசியில் ஒருநாள் கருவாடு காயப்போட்ட இடத்துக்கு வந்து நின்றார். "காஞ்சிருச்சாக்கா?" என்றார். "காஞ்சிருச்சு, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றேன். தம்பி சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகுதான், கேட்டது கருவாட்டைப் பற்றி இல்லை என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்: "கருவாட்டுக்கு மட்டும் எத்தன நாள்னாலும் பொறுக்குற. மனுசனுக்குப் பொறுக்க மாட்டேங்குறியேக்கா."

எனக்கு எல்லாம் அன்றைக்கே நடக்க வேண்டும், அப்படியே முன்னுக்கு வந்தவள். தம்பியோ யார் சண்டைக்கு வந்தாலும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டு, சூடு ஆறியதும் அவர்கள் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்துவார். இங்கே வந்திருக்கிற பலபேர் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். அவர்களுக்குத் தெரியும்.

போன வருசம் சிறுநீரகம் கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி பாப்பாவுக்குக்கா. ஆர்.சி. ஒன் பெட்டியில இருக்கு. ஒடச்சிராத" என்றார். "ஒடைக்க மாட்டேன்லே" என்றேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

வெளியே கார்த்திகை மழை. பெட்டி சிமெண்டு பூசியதுபோல் இருந்தது. சித்திரைக்குள் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் பெயர் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் அந்தப் புத்தகம் வேண்டும். என் மகன் கடப்பாரையோடு வந்தான். "அம்மா, ஒரு நிமிச வேலை." ஏஜெண்டு ஒருவர், "தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்கம்மா, வேற வாங்கிரலாம்" என்றார். "தொலையலையே, அங்கன பெட்டிக்குள்ள இருக்கு" என்றேன். "சித்திரைக்குள்ள தெறக்கலைன்னா?" என்று கேட்டார். மகன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி என் கட்டிலுக்கு அடியில் போட்டேன். பொய் சொல்லவில்லை, இரண்டு தடவை அதை வெளியே எடுத்தேன். எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. காயவைப்பதில் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? தை பிறந்ததும் ஜீப்பைக் கருவாட்டுக் களத்துக்குத் தள்ளிவரச் சொன்னேன். காலையில் அதன் பின்பக்கம் கிழக்கே பார்க்கும். மத்தியானத்துக்குமேல் ஆட்களை வைத்து மேற்கே திருப்பினேன். பொழுது சாய்ந்தால் பனி படாமல் தார்ப்பாய் போட்டு மூடினேன். கருவாட்டுக்கு என்ன செய்வேனோ அதையெல்லாம் செய்தேன். பாரை, நெத்திலி, சாவாளை, நடுவில் தம்பியின் ஜீப். களத்து வேலைப் பெண்கள், "ஆத்தா, இதுக்கு உப்புப் போடணுமா?" என்று கேலி பண்ணினார்கள். மாசியில் ஐந்து பெட்டியும் திறந்துவிட்டன. 'அக்கா' அசையவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி மகள் பரமக்குடியில் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறாள், வாரம் தவறாமல் வருவாள். உச்சிவெயிலில் இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நின்றோம்.

"நீங்க இழுங்கத்தை."

"நான் இழுக்க மாட்டேன். நான் இழுத்தா ஒடஞ்சிரும். நீ ஒரு வெரல வையி."

ஒரு விரலை வைத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே பஞ்சு அடிக்கிற பழைய உளி ஒன்று. ஆர்.சி. புத்தகம், என் படம் போட்ட கருவாட்டுப் பையில் சுற்றி. ஒரு பொட்டு ஈரம் இல்லை. பையில் என் மூக்குத்தி வரைக்கும் அழியாமல் இருந்தது. மகள் புத்தகத்தைப் பார்த்தாள், நான் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்த அதிகாரியம்மா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்னங்க, கருவாடு வாசம் அடிக்குது?" என்றார். "எங்க குடும்ப வாசம்மா அது" என்றேன். வண்டி இப்போது மகள் பெயரில் இருக்கிறது. ஆறு பெட்டியும் முழுசாக இருக்கின்றன.

தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்கள், நர்சுகளுக்கு நன்றி. முகம் கோணாமல் பணிவிடை செய்த தம்பி மனைவிக்கு, உதிரிபாகம் கிடைக்காத வண்டிக்குக் கடைசல் பிடித்துக் கொடுத்த மெக்கானிக்குகளுக்கு, மழையிலும் தூக்கிச் சென்ற பாம்பன் பிள்ளைகளுக்கு நன்றி. களத்தில் வண்டியைத் திருப்பித் திருப்பி வைத்த பெண்களுக்கு நன்றி. பங்குனி வெயிலுக்கும் நன்றி.

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசலில் வண்டியைப் பாருங்கள். தொட்டுப் பாருங்கள். மகள் ஆர்.சி. புத்தகத்தை அதே பையில் சுற்றி, மழைக்கு முன்னாலேயே அதே பெட்டியில் வைத்துவிட்டாள். இன்றைக்குக் கார்த்திகை, வெளியே மழை. அதனால் என் பெயர் எழுதிய பெட்டி திறக்காது. யாரும் இழுக்க வேண்டாம்.

காயட்டும். அவன் அப்படித்தான் சொல்வான்.