என் பாதி மாரத்தான்

கடற்கரைச் சாலையில் ஓடத் தொடங்கிய முதல் நாள், மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதற்குள் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் ஓர் இரைச்சல். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு, பள்ளிக்கூடக் காலத்தில்கூட ஓடிப் பழக்கமில்லை. மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த நினைப்பைப் பற்றித்தான்.

என் கணவர் ஜமால் பல வருடம் துபாயில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது என்று தெரிந்ததும் ஊர் திரும்பினார். அதிலிருந்து டயாலிசிஸ்தான் (சிறுநீரகத்துக்குப் பதிலாக ஓர் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை). வாரத்தில் மூன்று நாள் போக வேண்டும். நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளி விட்டதும் அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனால், வீடு வந்து சேர இருட்டிவிடும். மற்ற நாட்களில் விடைத்தாள், துணி, சமையல். சமையல் என்றால் சும்மா இல்லை. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே வேகவைக்க வேண்டும் (பொட்டாசியம் என்ற சத்தைக் குறைப்பதற்காக, அது ரத்தத்தில் கூடிவிட்டால் இதயம் நின்றுபோகலாம்). மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போனில் விசாரிப்பாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பேன்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னோர் இயந்திரம் வாங்குவதற்காக ஊர்க்காரர்கள் சிலர் ஓர் ஓட்டம் ஏற்பாடு செய்தார்கள். ஐந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்கே ஓடுகிற எதற்கும் மாரத்தான் என்றே பெயர். நோயாளிகளின் வீட்டிலிருந்தும் ஆள் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் வார்டுக்குள் வந்து கேட்டார்.

"எங்க வூட்டுலேருந்து யாரு? நசீமா ஓடட்டும்" என்றார் ஜமால். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஊசி ஏற்றிய கை ஆடக்கூடாது என்று மறுகையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றரை மாதம் இருந்தது. எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை கலா குரும்பகரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருபவர். "ஒரேயடியா ஓடாதீங்க டீச்சர். ஒரு கம்பம் ஓடுங்க, ரெண்டு கம்பம் நடங்க. தானா வந்துரும்" என்றார். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கும் அடுப்பு பற்றவைப்பதற்கும் நடுவில்தான் எனக்கு நேரம். சில நாள் அதுவும் கிடைக்காது. ஜமாலுக்குக் கால் பிடித்து இழுக்கும், நீவிவிட வேண்டும். சில நாள் நேரமிருந்தும் எழ முடியாது. எழுந்து ஓடியவரை எதுவும் 'தானாக' வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, முதல் நாளைவிடச் சீக்கிரமாகவே நின்றேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண்ணெதிரில்தான் இருந்தது. மாதவிலக்கு பத்து நாள் நீண்டது, கட்டி கட்டியாகப் போனது. நிற்கப்போகிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தலைமுடி கொத்தாக வந்தது. அப்புறம் அந்த ஐஸ். ஜமால் நாளொன்றுக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கலாம் என்பதால், தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். அவருக்குத் துணையாக நானும் ஒன்று போட ஆரம்பித்தேன். நாளடைவில் அவருக்கு ஒன்று, எனக்கு ஒரு கிண்ணம் என்று ஆனது. கரும்பு கடிப்பதுபோல நறநறவென்று கடித்துத் தின்பேன்.

"எனக்குத்தான் தண்ணி கூடாதுன்னாங்க, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று ஜமால் ஒருநாள் கேட்டார். வெயில் என்றேன்.

டயாலிசிஸ் பிரிவின் மருத்துவர் இளம்பெண். ஒருநாள் அவரிடம் ஜமாலின் மருந்துச் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

"டீச்சர், உள்ளங்கையைக் காட்டுங்க."

காட்டினேன். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"போன வாரம் டாக்டர். ஹீமோகுளோபின் ஒம்பதரைக்கு மேல இருக்கு. ரத்தம் ஊறப் போடுற ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னீங்களே."

"அவருக்கு இல்ல டீச்சர். உங்களுக்கு."

மகளைப் பெற்ற சமயத்தில் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள், பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும்) எனக்கு ஆறு. இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோன மனிதருக்கு என்னைவிட அதிகம் இருந்தது. ஸ்கேனில் கருப்பையில் நார்த்திசுக் கட்டிகள் தெரிந்தன (புற்று அல்லாத தசைக் கட்டிகள்; இவற்றால் ரத்தப்போக்கு கூடும்). ஐஸ் தின்றதைச் சொன்னபோது மருத்துவர் தலையசைத்தார். இரும்புச்சத்து அடியோடு குறைந்தவர்களில் சிலருக்கு ஐஸ், பச்சரிசி, மண் இவற்றின்மேல் ஆசை வருமாம்.

"இந்த நெலமைல ஓடுனீங்களா?" என்றார். "இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வச்சுக்கிட்டு இதயம் எவ்வளவு வேகமாத்தான் அடிக்கும்? ரோட்டுல விழுந்திருந்தா?"

விழுந்திருந்தால் ஜமாலை ஆட்டோவில் ஏற்றுவது யார் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் என்னைப் பற்றித் தோன்றியது. அந்த வரிசையை நினைத்து இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னேன்.

"என்னாலதானே" என்றார் ஜமால்.

"கட்டி வந்ததுக்கு நீங்க என்ன மச்சான் பண்ணுவீங்க?"

"கட்டி வந்ததுக்கு இல்ல. நீ வெளுத்துப்போனது எனக்குத் தெரியல பாரு. எதிர்ல ஒக்காந்து ஐஸு தின்னுக்கிட்டிருந்திருக்கேன்."

அவரைத் தேற்றும் தெம்பு எனக்கு இல்லை. போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அவர் மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டுவந்தார். அடிப்பிடித்திருந்தது. குடித்தேன்.

ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் சில தடவை இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக, சொட்டுச் சொட்டாக. டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் எனக்கு முறை வாங்கினோம். ஜமால் பிடிவாதமாகக் கூட வந்தார். நான் கட்டிலில் படுத்திருந்தேன், கூட வருகிறவர்களுக்கான பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரத்திலேயே நெளிய ஆரம்பித்தார்.

"முதுகுக்குச் சாய்மானமே இல்ல. இதுலயா இவ்வளவு நாளும் ஒக்காந்திருந்தே?"

"கொஞ்ச நேரம் எந்திரிச்சு நடப்பேன்."

"நான் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன். எனக்கு இது தெரியாது" என்றார். இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய விஷயம் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை. நான் அவருடைய நோயைக் கவனித்த அளவுக்கு அவரைக் கவனித்தேனா என்பதும் அன்று சந்தேகமாகிவிட்டது.

ஓட்டத்துக்குச் சில நாள் முன்பு மறுபடி பார்த்தபோது ரத்தம் ஒன்பதை எட்டியிருந்தது. போகட்டுமா என்று கேட்டேன். "ஓடக்கூடாது. மெதுவா நடக்கலாம். மூச்சு வாங்குனா அங்கேயே ஒக்காந்துரணும். ஒத்துக்கிட்டாப் போங்க" என்றார் மருத்துவர்.

அன்று காலை கடற்கரையில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கி, கொடி, எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். கொடுத்த பனியனை முழுக்கைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டேன். ஜமால் முடிவுக் கோட்டுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கொடி அசைந்ததும் எல்லோரும் ஓடினார்கள். நான் நடந்தேன். வெகு சீக்கிரம் சாலையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

திரும்பும் இடம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. சுவரில் உட்கார்ந்தேன். எழுந்துவிடலாம், இன்னும் பாதிதான், அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்று மனசு சொன்னது. அதன் பேச்சைக் கேட்டே பழகியவள் நான். அன்று எழவில்லை. போன் போட்டேன்.

"மச்சான், என்னால முடியல. இங்கயே ஒக்காந்துட்டேன்."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. அடிச்சுக்குது, அவ்வளவுதான். சோர்வா இருக்கு."

"அப்படியே இரு. எந்திரிக்காதே. நான் வர்றேன்."

ஆட்டோவில் வந்து இறங்கினார். அங்கே நின்றிருந்த தொண்டர்கள் எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு ஆகவே ஆகாது. அவர் நோயில் விழுந்த நாளிலிருந்து நானும் குடித்ததில்லை. அவர் எதிரில் எப்படிக் குடிப்பது?

"குடி" என்றார்.

"அப்புறம் குடிக்கிறேன்."

"நசீமா, நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீ குடி."

குடித்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓடி முடித்தவர்களுக்குக் கைதட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

கருப்பையை எடுக்கும் அறுவைச் சிகிச்சையைக் கோடை விடுமுறைக்கு வைத்தோம். தள்ளிப்போட என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. நெரவியிலிருக்கும் ஜமாலின் தங்கை மைமூன், நான் கேட்டதுமே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். இதுவரை ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. காய்களை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அவள் வைத்த குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருந்ததாக ஜமால் சொன்னார். உண்மைதான்.

எதுவும் தீர்ந்துவிடவில்லை. டயாலிசிஸ் தொடர்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். சோர்வு இன்னும் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்த சோர்வு; தூங்கினால் போகிறது. போகாத சோர்வு வேறு. உங்களுக்கு அப்படி ஒன்று இருந்தால், அடுத்த தடவை நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைக்கு உங்கள் கையையும் நீட்டிவிட்டு வாருங்கள்.

மருத்துவர் அனுமதித்த பிறகு மறுபடியும் காலையில் நடக்கிறேன். சென்ற வாரம் ஒருநாள், படகுகள் ஆற்று முகத்துவாரத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி என்ன என்று தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. வயிற்றில் என்னவோ செய்தது. வலியா, தையல் பிரச்சினையா என்று பயந்து கையை வைத்துப் பார்த்தேன்.

பசி.

வீட்டுக்குப் போய், அவருக்குக் கொடுத்து, மிச்சத்தை நின்றுகொண்டே சாப்பிடும் வரைக்கும் அது காத்திருக்காது போலிருந்தது. சாலையோரக் கடைக்குள் நுழைந்தேன். இலையைப் போட்டுவிட்டு, "எத்தனை பேருங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நான் மட்டுந்தான்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.