ஐயரின் அம்மா

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். இறையியலில் பி.டி. பட்டம் வாங்கிய கையோடு நான் பயிற்சி ஊழியராகப் போய்ச் சேர்ந்தது திண்டிவனத்தில் ஒரு ஐயரிடம். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். அருமையான குரல். கடவுள் அவருக்குத் தொண்டையைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமையானால் போன் வந்துவிடும். ஞாயிறுக்கு ஏதாவது பார்த்து வையம்மா என்பார். பார்த்து வைப்பது என்றால் முழுப் பிரசங்கத்தையும் டைப் செய்து அவர் போனுக்கு அனுப்புவது. பயிற்சிக்கு வருகிறவர்கள் ஐயருக்குப் பிரசங்கம் எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. எனக்கு முன்னால் இருந்தவனும் எழுதினான். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பழைய ஏற்பாட்டில் மேற்படிப்பு, எம்.டி.எச். படிக்க வேண்டும். விழுப்புரத்தில் கூடும் தேர்வுக் குழு சிபாரிசு செய்தால்தான் கல்லூரியில் சேர்ப்பார்கள். ஐயர் சம்மதிக்காமல் அந்தக் குழு யாரையும் சிபாரிசு செய்யாது. அதனால் மறுபேச்சில்லாமல் எழுதினேன்.

அறுப்பின் பண்டிகைக்கு எழுதியது, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அடிமைப்பெண் வனாந்தரத்தில் பிள்ளையோடு தண்ணீருக்குத் தவித்து அழும் வேதப்பகுதி. அதன் நடுவில் என் அம்மாவை வைத்தேன். முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகும் இடத்தில் அம்மா குனிந்து இரண்டு கையையும் ஏந்தி நிற்பாள். நிலத்துக்காரம்மா சொம்பு கையில் பட்டுவிடாதபடி உயரத் தூக்கி ஊற்றுவார். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிவிடும். மிச்சத்தைக் குடித்துவிட்டு, ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

நான் அனுப்பியதில் 'ஒரு தாய்' என்றுதான் இருந்தது. பீடத்தில் ஐயர் அதை 'என் தாய்' ஆக்கினார். அந்தப் பிள்ளை நான்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபையே அழுதது. அவருடைய நிஜ அம்மாவை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ரிப்பேர் என்று போனில் மகனிடம் ஓயாமல் புலம்புகிறவர். எனக்கு வயிறு எரிந்தது. சிபாரிசு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குழுவின் முன்னால் மாதிரிப் பிரசங்கம் செய்ய வேண்டும். பகுதியை அங்கேயே கொடுப்பார்கள். குழுவில் உட்கார்ந்திருந்த ஐயர்தான் வேதத்தைப் புரட்டி, அதே அடிமைப்பெண்ணின் பகுதியை எடுத்துக் கொடுத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மனுஷனுக்குக் கொஞ்சமாவது நன்றி இருக்கிறது என்று நம்பினேன். அந்த ஒரு பிரசங்கத்தை வைத்துக்கொண்டு அவர் கோலியனூர், விழுப்புரம் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போய் அழுதுவிட்டு வந்தது எனக்குத் தெரியாது.

'என் அம்மா' என்று தொடங்கி, ஈரக் கையால் முகம் துடைத்தது வரைக்கும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் இருந்த பொருளாளர்தான் கேட்டார். "இன்னாம்மா, ஐயரு பிரசங்கத்த அப்படியே ஒப்பிச்சிக்கினு இருக்கற? பிரசங்கத்த எடுத்த, சரி. அவரு அம்மாவையுமா எடுத்துக்குவ?"

"அது எங்க அம்மாங்க" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ஐயரைப் பார்த்தேன். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து விழாமல் பதமாக வாயில் போட்டு, மென்று விழுங்கிய பிறகுதான் பேசினார். "விடுங்க, சின்னப் பிள்ளை. கூடவே இருந்து என் பேச்சு ஒட்டிக்கிடுச்சு. சொந்தமா யோசிக்கப் பழகணும். இன்னும் ஒரு வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும்."

குழு அவருடைய பெரிய மனதைப் பாராட்டியது. எம்.டி.எச். கைநழுவியது. அவருக்கு எழுத ஆள் நிலைத்தது. போனை எடுத்துக் காட்டியிருக்கலாமே என்று தோழி திட்டினாள். காட்டியிருந்தால் அவர் மானம் போயிருக்கும், என் படிப்பும் அதோடு போயிருக்கும். அடுத்த வருஷமும் அதே ஆள்தானே சம்மதிக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமையும் போன் வந்தது. அன்னையர் ஞாயிறு வருகிறதாம். "அம்மாவப் பத்தி இன்னும் ஏதாவது இருந்தா போடும்மா. ஜனங்க அதத்தான் விரும்புறாங்க" என்றார். அம்மாவைப் பற்றி இன்னும் நிறையவே இருந்தது. கேப்பைக் கூழை எனக்கு ஊற்றிவிட்டு, சட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரைத் தான் குடித்ததை எழுதினேன். அவரைச் சபித்துக்கொண்டே எழுதினேன். சனியன், நன்றாகவும் வந்துவிட்டது.

அந்த ஞாயிறு என்னைப் பார்க்க அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். பெண்கள் பக்கம் முன்னால் பாயில் உட்கார்ந்து, பிரசங்கம் முழுவதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிந்து ஐயர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"சட்டி கழுவிக் குடிக்கற வரைக்கும் அப்படியே எங்க கததாங்க. உங்க அம்மாவும் எங்கள மாதிரியே கஷ்டப்பட்டுக்கினு இருந்திருக்காங்களே ஐயரே. பாவம், மனசு ஆறலைங்க."

ஐயர் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் தலையில் கை வைத்து, அந்த அருமையான குரலில் ஜெபித்தார். அம்மா ஆமென் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சொன்னேன். தேர்வுக் குழு அடுத்த வருஷமும் கூடும்.