சுகமானேன் என்று சொன்னதால் நின்ற பென்சன்

எனக்கு வந்த சோதனை, நான் சொன்ன சாட்சியிலிருந்தே வந்தது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் வரவில்லை.

நான் ஆலந்தலை என்ற கடலோர ஊர்க்காரன். சங்கு குளித்தவன். ஒருநாள் கடலாழத்திலிருந்து அவசரமாக மேலே ஏறியதில் முதுகுத்தண்டு பாதித்து, கால் இரண்டும் செயலிழந்துவிட்டன. அன்றுமுதல் சக்கர நாற்காலிதான். மாற்றுத்திறனாளி பென்சனில்தான் மூத்திரப் பையும் படுக்கைப்புண் மருந்தும் வாங்குவோம். சோற்றுக்கு என் மனைவி ஜெசிந்தா கருவாட்டுக் கொட்டகைக்குப் போகிறாள்.

போன வருஷம் எங்கள் கோயிலில் நடந்த தவக்காலத் தியானக் கூட்டத்தில், பல காலமாக என்னைத் தின்ற முதுகுவலி ஜெபத்தின் நடுவிலேயே விட்டது. இரண்டு பேர் தாங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுதுகொண்டே மைக்கில், "ஆண்டவர் என்னைச் சொகமாக்கிட்டாரு" என்றேன். யாரோ அதை செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்ப, பென்சன் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. பென்சன் நின்றது.

போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, சொகமாயிட்டேன்னு நீங்களே சொல்லுதிய. நாங்க என்ன செய்ய?" என்றார் கிளார்க். நான் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டுதான் கேட்டேன். மேலதிகாரிக்குப் போட்ட மனுவும் தள்ளுபடி ஆனது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா, மதுரை ஹைகோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றார். ஜெசிந்தா என்னிடம், "ஒண்ணும் நடக்கல, சும்மா சொன்னேன்னு எழுதிக் குடுத்துருங்க. ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு அது, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுதலித்த மாதிரி இருந்தது. வலி போனது நிஜம். இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? சுகம் கிடைத்தது என்றாலோ, ஏமாற்றுக்காரன் என்று இதுவரை கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள்.

அதற்குள் புண் சீழ் வைத்தது. ஒரே பையைக் கழுவிக் கழுவி மாட்டினாள் ஜெசிந்தா. எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம். "பாதி சொகத்தக் குடுத்து என்னை மாட்டி விட்டுட்டீரே" என்று ஏசினேன். ஏசி முடித்து அழுதேன். பொய் சொல்லாமல் பிழைக்க ஒரு வழி காட்டும் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த தடவை போனபோது வக்கீலம்மா, "அன்னைக்கு என்ன நடந்துச்சோ அத அப்படியே சொல்லுங்க" என்றார். வலி போனதைச் சொன்னேன். கால் வராததையும் சொன்னேன். இரண்டையும் மனுவில் எழுதினார். என் நெஞ்சுப் பாரம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. வெளியே வந்து வக்கீலம்மா சொல்லித்தான் புரிந்தது. நிறுத்துவதற்கு முன் இவரை டாக்டரிடம் அனுப்பினீர்களா, இவரிடம் விளக்கம் கேட்டீர்களா என்று நீதிபதி கேட்டாராம். இரண்டும் நடக்கவில்லை. கோயிலில் சொன்ன நன்றி மருத்துவச் சான்று ஆகாது என்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார். பிறகு டாக்டர்கள் என்னைப் பரிசோதித்து, இந்தக் கால் இனி நடக்காது என்று எழுதினார்கள். அதைக் கேட்டு நன்றி ஜெபம் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன். நின்ற பென்சன் மொத்தமாக வந்தது.

புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் என் ஜெபம் மாறிவிட்டது. கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்தே அவரிடம் சொல்கிறேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் உள்ளதை உள்ளபடி சொல்லி அவரை நம்புங்கள். ஏசினாலும் கேட்டுக்கொள்கிறார். காலுக்காக நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தந்தால், பென்சன் வேண்டாம் என்று நானே நடந்துபோய் எழுதிக் கொடுப்பேன்.